ஷ்டூடரின் புல்தரையில் பதினேழு பொட்டு

“பதினேழு” என்றாள் யாதவி.

“என்ன பிள்ளை, பதினேழு வருஷம் மறியலோ?”

“பொட்டு, அங்கிள். செத்த புல்லுப் பொட்டு பதினேழு. பகிடியை விட்டிட்டு டேப்பின்ர மற்றத் தலைப்பைப் பிடியுங்கோ.”

பிடித்தேன். எரிச்சலோடுதான் பிடித்தேன். ஐம்பத்தெட்டு வயதில், ஏப்ரல் குளிரில், முதுகு நோவோடு அடுத்தவன் புல்தரையில் முழங்காலில் நிற்க வேண்டும் என்று எனக்குத் தலையெழுத்து. அதுவும் ஷ்டூடரின் புல்தரையில்! சுவிஸில் இந்தத் திரிம்பாக் ஊர் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு புல்தரை கிடையாது. ஓரம் வெட்டுவதற்கு மனிதர் கத்தரிக்கோல் வைத்திருக்கிறார். அந்தப் பச்சைக்கு நடுவே, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும், சாப்பாட்டுக் கோப்பை அளவில் பதினேழு மஞ்சள் பொட்டுகள் வரிசையாகக் கருகிக் கிடந்தன.

ஷ்டூடர் வாசற்படியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபது வயது. கையில் ஒட்டிய கடித உறை. உள்ளே பொலிசுக்கு முறைப்பாடு. பக்கத்துக் குடியிருப்பைப் பராமரிக்கும் பத்மநாதன், பழிவாங்குவதற்காகத் தடைசெய்யப்பட்ட களைக்கொல்லியை ஊற்றித் தன் புல்லைக் கொன்றுவிட்டான் என்று எழுதியிருக்கிறாராம்.

“பன்னிரண்டு மணி” என்று எங்களுக்குக் கேட்கும்படி ஜேர்மனில் சொன்னார். “அதற்குள் அவர் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இது பொலிசுக்குப் போகும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை என் சிநேகிதன் நாதனுக்குக் கெமைண்டே என்கிற ஊர்ச்சபையில் குடியுரிமை நேர்முகம். இருபத்தேழு வருடம் இந்த நாட்டில் படிக்கட்டுத் துடைத்து, பனி தள்ளி, புல் வெட்டி, மொழிச் சோதனை எழுதி, இப்போதுதான் அந்தக் கதவு வரைக்கும் வந்திருக்கிறான். பொலிசில் ஒரு முறைப்பாடு பதிந்தால் போதும், கோப்பு அப்படியே கிடப்பில் போய்விடும். ஒப்புக்கொண்டாலும் கதை கந்தல்தான். யாரோ ஒரு மடையன் செய்த வேலைக்கு என் சிநேகிதன் பலியாவதோ? அந்த மடையன் மட்டும் என் கையில் அகப்பட்டால் காதைத் திருகி, ஓல்ட்டன் ஸ்டேஷன் வரைக்கும் இழுத்துக்கொண்டு போவேன் என்று யாதவியிடம் காலையிலேயே சொல்லியிருந்தேன்.

யாதவி ஓல்ட்டனில் பிறந்தவள். பத்து வருடம் காப்புறுதிக் கம்பனியில் சேதம் பார்க்கும் வேலை. பொய் சொல்லி இழப்பீடு கேட்ட எத்தனையோ பேரை ஒரு டேப்போடு மடக்கியவள். இப்போது தனியாகத் துப்பறிகிறாள். நான் உருத்திரமூர்த்தி. டாவோஸ் ஹோட்டலில் கோப்பை கழுவி, பிறகு லொறிக் கராஜில் முதுகை முறித்து, கடைசியில் இவளுக்குக் கார் ஓட்டவும் டேப் பிடிக்கவும் வந்து சேர்ந்தவன். வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் இவள் என்னை வேலைக்கு வைத்தாள். அது மட்டும் நடக்கவில்லை.

“ஒரு மீற்றர் எண்பது” என்றாள். அடுத்த பொட்டுக்கு நகர்ந்தாள். “ஒரு மீற்றர் எண்பது.” அடுத்தது. “ஒரு மீற்றர் எழுபத்தொன்பது.”

“ஆரோ அளவுகோல் வைச்சு நஞ்சு ஊத்தியிருக்கிறான். சுவிஸ்காரன்தான்.”

“கோவத்தில நஞ்சு ஊத்திற ஆள் அளந்தே ஊத்துவான், அங்கிள்? அள்ளி விசிறிப்போட்டு ஓடுவான். இவ்வளவு ஒழுங்கா ஒரு மனுசனாலயும் ஊத்த ஏலாது.” எழுந்து முழங்காலைத் தட்டினாள். “வண்டிச் சில்லாலதான் ஏலும். ஒரு சுத்துக்கு ஒரு சொட்டு.”

ஷ்டூடரிடமும் இதையே ஜேர்மனில் சொன்னாள். அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

“சில்லா? மிக நல்லது. இந்தத் தெருவில் அப்படிப்பட்ட சில்லு யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

தெரியும்தான். நாதனின் சிவப்பி.

சிவப்பி என்பது ஒரு தோட்ட ட்ராக்டர். ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து நாலில் செய்தது. யாரோ பழைய இரும்புக்குப் போட இருந்ததை நாதன் கேட்டு வாங்கி, காபரேற்றரைக் கழற்றிக் கழுவி, பெல்ற் மாற்றி, சிவப்புப் பெயின்ற் அடித்து உயிர் கொடுத்தான். குளிர்காலத்தில் முன்னுக்குப் பனி தள்ளும் தகடு, பின் சில்லுக்குச் சங்கிலி. கோடையில் அடியில் புல்வெட்டி, இலையுதிர்காலத்தில் பின்னுக்கு ஒரு சின்னப் பெட்டி வண்டி. பெண்சாதி மனோகரியைக் கூட அதன் சீற்றில் இருக்க விடமாட்டான். போன கோடையில் அதன் சத்தம் தாங்க முடியவில்லை என்று ஷ்டூடர் முறைப்பாடு கொடுக்க, நாதன் புல்தரையில் வைத்தே அவரை ஏசிப்போட்டான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை.

புல்தரையின் ஓரத்திலேயே குடியிருப்பின் கொட்டில். நடுவில் வேலி கிடையாது. நாங்கள் போனபோது நாதன் சிவப்பியை வாசலுக்கு இழுத்து வைத்து, குளிர்காலக் கோலத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். பனித் தகடு சுவரோடு சாத்தியிருந்தது. சங்கிலிகள் வாளிக்குள். தீட்டிய புல்வெட்டி அலகுகள் பழைய துவாயில் மினுங்கின. வயிற்றுக்குக் கீழே தட்டு வைத்து எஞ்சின் எண்ணெயை வடிய விட்டிருந்தான். முகத்தில் மட்டும் உயிர் இல்லை.

“நான் அந்தாளின்ர புல்லில கால் கூட வைக்கேல்லை, பிள்ளை” என்றான் யாதவியிடம். “இந்த வருஷம் இன்னும் புல்லே வெட்டத் தொடங்கேல்லை. நாளைக்குத்தான் முதல் வெட்டு.”

“ஓம் அங்கிள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ.”

எண்ணெய்த் தட்டை ஓரமாக வைத்து வடியும் துளையை அடைத்தோம். யாதவி வலப் பின் ரயரில் சோக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டாள், நிலத்தில் ஒரு கோடு போட்டாள். ரயரின் கோடு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி நிலத்தைத் தொடும்வரை நானும் நாதனும் தள்ளினோம். அவள் டேப்பை வைத்தாள். எனக்குப் பார்க்கவே மனம் வரவில்லை.

ஒரு மீற்றர் எண்பது.

“ஐயோ” என்றான் நாதன்.

கொட்டில் வாசலுக்கே வந்து நின்றிருந்த ஷ்டூடர் கடித உறையைத் தன் தொடையில் மெல்லத் தட்டினார். அந்தச் சத்தம் எனக்கு மூளைக்குள் கேட்டது. யாதவியின் மேலும் கோபம் வந்தது. காப்பாற்றக் கூட்டிக்கொண்டு வந்தவள் காட்டிக் கொடுத்துவிட்டாளே!

“நல்லாத் துப்பறிஞ்சாய், பிள்ளை. விலங்கையும் நீயே மாட்டிவிடு. சாவியை நான் வைச்சிருக்கிறன்.”

அவள் குந்தியிருந்து ரயரின் வால்வு மூடியைத் திருகினாள். வால்விலிருந்து ஒரு சொட்டு ஊறி நிலத்தில் விழுந்தது.

“ரயருக்குள்ள காத்து மட்டும் இல்லையோ?”

“தண்ணி” என்றான் நாதன். “பனி தள்ளேக்க பின்சில்லு வழுக்கும், பாரம் வேணும். வன்னியில வயல் உழுகிற மிசினுக்கும் ரயருக்குள்ள தண்ணி அடிக்கிறவை. இஞ்சை வெறும் தண்ணி உறைஞ்சிடும். அதால கார் கண்ணாடி கழுவிற நீலத் தண்ணியைக் கலந்து நவம்பரில நிரப்பினது. அது புல்லைக் கொல்லுமோ?”

“இப்படிக் கொல்லாது.”

இடது ரயரின் வால்வை அமுக்கினாள். நீலச் சொட்டு. சவர்க்கார வாசம். வலது வால்வை அமுக்கினாள். சொட்டு நிறமில்லாமல், துருவோடு கலங்கலாக வந்தது. வாசம் இல்லை.

“அங்கிள், கையை நீட்டுங்கோ.”

நீட்டினேன். விரல் நுனியில் ஒரு சொட்டு விழுந்தது. லொறிக் கராஜில் முப்பது வருடம் எண்ணெயையும் பெற்றோலையும் நாக்கால் பார்த்துப் பழகியவன். யோசிக்காமல் வாயில் வைத்தேன்.

உப்பு. வெறும் உப்பில்லை, வாய் வெந்துபோகிற உப்பு.

“என்ன?” என்றாள் யாதவி.

“உப்பு” என்றேன்.

“ரோட்டில பனிக்குப் போடுற உப்பு. தண்ணியில கரைச்சுவிட்டா உறையாது. ஆனா புல்லு வேரோட போயிடும்.” நாதனின் பக்கம் திரும்பினாள். “இடம் நீலம், வலம் உப்பு. ரெண்டு சில்லை ரெண்டு கை நிரப்பியிருக்கு. வலது சில்லை நிரப்பினது ஆர், அங்கிள்?”

நாதன் கையிலிருந்த துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். என்னைப் பார்க்கவில்லை.

“நான்தான். ரெண்டையும் நான்தான் நிரப்பினனான். நீலத் தண்ணி முடிஞ்சு போச்சு, உப்பைப் போட்டனான்.”

“கொஞ்சம் முன்னம் அப்பிடிச் சொல்லேல்லையே?”

“மறந்துபோனன்.”

நான் நிலத்தைப் பார்த்தேன். ஷ்டூடருக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் நாதனின் முகம் விளங்கியது. “ஆக, அவர் ஒப்புக்கொள்கிறார்” என்றார்.

“இன்னும் இல்லை” என்றாள் யாதவி ஜேர்மனில். “உங்கள் கடிதத்தில் பழிவாங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒழுகுகிற ரயர் தவறு, பழி இல்லை. இந்த வண்டியை உங்கள் புல்லுக்குள் வேண்டுமென்று ஓட்டியது யார் என்று பார்க்க வேண்டும். வாருங்கள்.”

தேவாலயத்தில் பதினொரு மணி அடித்தது. ஷ்டூடர் மணியைக் கேட்டுவிட்டு உறையைப் பார்த்தார். மனிதரின் கழுத்தைப் பிடிக்க என் கை துருதுருத்தது. ஆனால் வாயில் இன்னும் உப்புக் கரித்தது. பேசாமல் பின்னால் போனேன்.

யாதவி பொட்டுகளை ஒட்டி நடந்தாள். ஒன்றிலிருந்து ஏழு வரைக்கும் நேர்க்கோடு. எட்டாவது கொஞ்சம் இடப்பக்கம் விலகியது. ஒன்பதாவதும் பத்தாவதும் இன்னும் விலகின. பதினோராவது திரும்பிவந்து, பன்னிரண்டிலிருந்து மறுபடி நேர்க்கோடு, ஷ்டூடரின் கார்ப்பாதை வரைக்கும்.

விலகிய இடத்துக்கு உள்ளே போய் நின்றாள். சுற்றிவரப் பச்சைப் புல். மரம் இல்லை, கல் இல்லை, பூப்பாத்தி இல்லை.

“வெறும் வெளி. புல்லைக் கொல்ல வாற ஆள் ஏன் இதைச் சுத்திக்கொண்டு போறான்?”

வழக்கமாக நான் இதற்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து புல்லைக் கையால் விலக்கித் தேடினாள். எழுந்தபோது உள்ளங்கையில் இரண்டு கரித்துண்டுகள் இருந்தன. இறைச்சி சுடுகிற அடுப்புக்கரி.

“ஹெர் ஷ்டூடர், உங்கள் புல்தரையில் கரி கிடக்கிறதே?”

“இருக்க முடியாது!” மனிதருக்கு அவமானமாகப் போய்விட்டது. “என் புல்லில் ஒரு கூழாங்கல் கூடக் கிடக்காது. அது...” கரியைக் கையில் வாங்கிப் பார்த்தார். குரல் கொஞ்சம் இளகியது. “ஓ. இது கண்கள். பேரப்பிள்ளைகள் பனிமனிதன் செய்தார்கள். என்னை விட உயரம். இதே இடத்தில்தான்.”

“எப்போது?”

“ஜனவரியில், அந்தப் பெரிய பனி கொட்டியபோது. ஒரு கிழமை நின்றது, பிறகு உருகிவிட்டது.”

யாதவி டேப்பைச் சுருட்டி உள்ளே விட்டாள். அது டப் என்று மூடியது.

“அப்படியானால் வண்டி இந்தப் பக்கம் வந்தது அந்தக் கிழமையில்தான். பனிமனிதன் நின்றபடியால்தான் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. உப்புத் தண்ணீர் பனிக்குள்ளால் இறங்கி வேரில் நின்றது. பொட்டு வெளியே தெரிய ஏப்ரல் ஆயிற்று.” என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். “அந்தக் கிழமை நாதன் அங்கிள் எங்கை?”

“ஆசுப்பத்திரியில!” கத்தியே விட்டேன். “பித்தப்பை ஒப்பறேசன். ஆறு நாள். நான்தான் பக்கத்தில கதிரையில கிடந்தனான். அப்ப ஆர் ஓட்டினது? சிவப்பியின்ர சாவியை ஆர் எடுத்தது?”

“நான் குடுத்தனான்.”

மனோகரி. தேத்தண்ணித் தட்டோடு கொட்டில் பக்கமிருந்து வந்து நின்றாள். கோப்பைகள் கிலுகிலுத்தன.

“இஞ்சாருங்கோ, கோவிக்காதேங்கோ” என்றாள் நாதனிடம். “நீங்கள் ஆசுப்பத்திரியில கிடக்கேக்க இந்த ஷ்டூடர் மனுசன் விடியவெள்ளன வீட்டுச் செருப்போட வந்து மணி அடிச்சவர். தன்ர மனுசிக்கு டயலிசிஸ், கார் ஸ்நோவுக்குள்ள புதைஞ்சு போச்சு, ட்ராக்டரை ஒருக்காத் தாங்கோ எண்டு கேட்டவர். கையெடுத்துக் கும்பிடாத குறை. குடுத்திட்டன். நீங்கள் ஒருத்தரையும் தொட விடமாட்டியள் எண்டு தெரியும், அதுதான் சொல்லேல்லை. பின்னேரம் வீட்டில சுட்ட ஒரு பின்னல் பாண் கொண்டுவந்து தந்தவர். கோயில் ஆக்கள் தந்தது எண்டு உங்களுக்குச் சொன்னனான்.”

“அந்தப் பாணோ?” என்றான் நாதன். “நான் ரெண்டு துண்டு சாப்பிட்டனான்!”

யாதவி முழுவதையும் ஜேர்மனில் சொன்னாள், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். ஷ்டூடரின் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது. காது வரைக்கும் போயிற்று.

“பனிக்கு மேலால்தான் போனேன்” என்றார். “போகும்போது மட்டும் குறுக்கு வழி, திரும்பியது தெருவால். நிலம் உறைந்திருந்தது. புல்லுக்கு ஒன்றும் ஆகாது என்று...”

“சத்தம் தாங்க முடியாது என்று நீங்கள் எழுதிக் கொடுத்த அதே ட்ராக்டர்!” என்றேன் நான், ஜேர்மனில், அடக்கமாட்டாமல். “உங்கள் புல்லுக்கு மேல் நீங்களே ஓட்டிவிட்டு, இருபத்தேழு வருடம் காத்திருந்து வியாழக்கிழமை குடியுரிமை நேர்முகத்துக்குப் போகிற மனிதனைப் பொலிசுக்குக் காட்டிக் கொடுக்க வந்தீர்களே! அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்?”

“இரவல் கேட்டதைச் சொல்ல வெட்கமாக இருந்தது” என்றார் மெல்ல. பிறகு முதுகை நிமிர்த்தினார். ரயில்வேக்காரர் அல்லவா, கணக்குச் சரியாக முடிய வேண்டும். “ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. நான் ஓட்டியது உண்மை. ரயருக்குள் உப்பைப் போட்டது நான் இல்லை. உப்பு இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. அதைப் போட்டது யார்?”

“நான்” என்றான் நாதன் ஜேர்மனில். ஒற்றைச் சொல்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் ஷ்டூடர் மேல் இல்லை. நாதன் மேல் வந்தது. இரண்டு நாளில் கெமைண்டேயில் போய் இருக்க வேண்டியவன், எனக்காக வாயால் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறானே! அதைவிடப் பெரிய கோபம் என் மேல். கால் மணித்தியாலமாக நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, சிநேகிதன் தாங்கட்டும் என்று நின்றவன் நான்.

“பொய்!” என்று கத்தினேன். “அவன் சொல்வது பொய். நவம்பரில் இடது சில்லை அவன் நிரப்பினான். தொலைபேசி வந்து மேலே போனான். வலது சில்லை நான் நிரப்பினேன். நீலத் தண்ணீரை வீணாக்குவானேன், உப்புத் தண்ணீர் உறையாது என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும் என்று, மூலையில் இருந்த உப்பை நாலு கோப்பை அள்ளிக் கரைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்லவும் இல்லை. வால்வையும் சரியாக இறுக்கவில்லை. காலையில் இருந்து ஒரு மடையனைத் தேடினேன். அந்த மடையன் நான்தான்.”

மனோகரி தட்டை நிலத்தில் வைத்தாள்.

“எனக்குத் தெரியும், அங்கிள்” என்றாள் யாதவி.

“என்னெண்டு?”

“அந்தச் சொட்டை வாயில வைச்சதில இருந்து நீங்கள் ஒரு பகிடியும் விடேல்லை. மூண்டு வருஷத்தில முதல் தரம். கேட்டா மறுப்பியள் எண்டுதான் கேக்காமல் விட்டனான்.”

ஷ்டூடர் நாதனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கொட்டிலுக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். எண்ணெய்த் தட்டை ஓரமாக எடுத்து வைத்திருந்தோம் அல்லவா, அடைத்த துளையும் சரியாக இறுகாமல், சிவப்பியின் வயிற்றிலிருந்து மிச்ச எண்ணெய் சொட்டுச் சொட்டாகச் சீமெந்தில் விழுந்துகொண்டிருந்தது. மனிதர் முழங்காலை மடித்துக் குந்தி, அந்தக் கடித உறையை விலாசம் மேலே தெரிய, சொட்டு விழுகிற இடத்தில் வைத்தார். கறுத்த எண்ணெய் பொலிசின் விலாசத்தில் ஊறிப் பரவியது.

“வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?” என்று நாதனிடம் கேட்டார்.

“இரண்டரைக்கு.”

“உங்களை யாருக்குத் தெரியும் என்று அங்கே கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். பக்கத்து வீடு என்று.”

நாதன் தலையாட்டினான். கட்டிப் பிடிக்கலாம் என்று அவன் பக்கம் போனேன். ஒரு கையால் என்னைத் தள்ளிவிட்டான். அவனுடைய கண் சிவந்திருந்தது.

“உப்போ?” என்றான். “உப்போடா? விசயம் முடியட்டும் எண்டு பொறுத்துக்கொண்டு நிண்டனான். புல்லு நாளைக்கு முளைக்கும். என்ர சில்லின்ர றிம்? அம்பது வருஷத்து றிம்மடா! நவம்பரில இருந்து உப்புத் தண்ணிக்குள்ள ஊறிக்கொண்டு கிடக்கு. உள்ளுக்குத் துருவேறித் தின்றிருக்கும். இதுக்கு மற்றது எங்கை வாங்குவாய்? சொல்லு, எங்கை வாங்குவாய்?”

இவ்வளவு நேரமும் எனக்காகக் குடியுரிமையையே விட்டுக் கொடுக்க நின்றவன், இப்போது ஒரு றிம்முக்காக என்னை அடிக்க வருகிறான். யாதவி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாதன் கொட்டிலுக்குள் போய் இரண்டு கம்பி பிரஷ்களோடு திரும்பி வந்தான். ஒன்றை என் நெஞ்சில் குத்துவதுபோல் தந்தான். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு ஷ்டூடரைப் பார்த்தான். ஷ்டூடர் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்தார், கையை மடித்துவிட்டார், பிரஷ்ஷை வாங்கினார்.

“சில்லைத் தூக்க ஜக்கை எடு, மூர்த்தி” என்றான் நாதன். “வியாழக்கிழமை ரெண்டரைக்கு முதல் றிம் மினுங்கவேணும்.”